ஜோடித் தட்டு

ஜூலை 3, வியாழன்

காலை எடை: நான் 52.4. ரென்சி 53.6.

இந்த நோட்டு ஏன் வாங்கினேன்னு முதல்ல எழுதிருதேன். இன்னைக்கு தாஹிரா மேடம்னு ஒருத்தர் எங்க காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்தாவ. சாப்பாடு, சத்து இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாவளாம். ஜூடோ, கராத்தேன்னு சண்டை விளையாட்டு விளையாடுற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பத்தி என்ன தெரியும், நெசமா என்ன சாப்பிடுதாவன்னு பாக்கணுமாம். எங்க ஜூடோ டீம்ல பதினொரு பேர். ஆளுக்கு ஒரு பச்சை அட்டைப் பதிவேடு கொடுத்தாவ. தினமும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம்னு எழுதணும். ஆகஸ்ட் முதல் வாரம் வந்து வாங்கிக்கிடுவாவ. ஒரு நாளைக்கு ஆறு கோடுதான் போட்டிருக்கு. எனக்கு ஆறு கோடு காணுமா? இசக்கியம்மாள் வாயாடின்னு ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கே தெரியும். அதான் மிச்சத்தை எழுத இந்த நோட்டு.

நாப்பது கேள்வி போட்டு ஒரு பரீட்சையும் வச்சாவ. எதுல புரதம் அதிகம், பிராக்டீஸ் முடிஞ்சு எவ்வளவு நேரத்துல சாப்பிடணும், ஒரு வாரத்துல எவ்வளவு எடை குறைச்சா ஆபத்துன்னு. நான் முப்பத்தேழு. டீம்லயே முதல். என் ரூம்மேட் ரென்சி முப்பத்தொண்ணு. எங்க கோச் ஞானதுரை மாஸ்டரையும் விடலை, அவருக்கும் ஒரு தாளை நீட்டிட்டாவ. இருபத்திரெண்டு. "நான் படிச்சதெல்லாம் மேட் மேலதான் மேடம்"னு சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். தாஹிரா மேடம் மட்டும் சிரிக்கலை, எதையோ குறிச்சுக்கிட்டாவ.

ஜூலை 5, சனி

எங்க டீம் சீனியர், எம்.ஏ. படிக்கிற வடிவு அக்கா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு திரும்பிட்டாவ. சந்தோஷம்தான். ஆனா 52 கிலோ பிரிவு அவிய இடம். போன வருஷம் மாநிலத்துல வெள்ளி வாங்கினவிய. ஒரு எடைக்கு காலேஜில இருந்து ஒரு ஆள்தான் போகலாம். நானும் ரென்சியும் இவ்வளவு நாளா 52-தான். இனி 52-க்கு மேல 57, கீழ 48. ரெண்டுல ஒண்ணுக்குப் போகணும். இல்லைன்னா ஆகஸ்ட் பதினாறாம் தேதி மாநிலத் தேர்வுக்குப் போகாம ரூம்ல உக்காந்து பல்லைக் கடிக்கணும்.

மாஸ்டர் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. ஒருத்தி ஏறணும், ஒருத்தி இறங்கணும்னாரு. நான் ஏறணும், ரென்சி இறங்கணும்னு ஆச்சு. ரென்சி மூஞ்சி ஒரு நிமிஷம் ஒரு மாதிரியாப் போச்சு. அப்புறம் "சரி மாஸ்டர்"னுட்டா. அவளுக்கு வேற வழி இல்லை. மாநில மெடல் ஒண்ணு இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்குப் போயிரலாம்னு மூணு வருஷமா அதே நினைப்பு. இதான் அவளுக்குக் கடைசி வருஷம். எனக்கும்தான்.

ஜோடித் தட்டு பத்தி எழுதணும். எங்க மெஸ்ஸுல எல்லாருக்கும் ஒரே அளவுதான் போடுவாவ. தட்டுல மிச்சம் வச்சா வார்டன் நம்ம பேரை போர்டுல எழுதிருவாவ. அதனால எடை ஏத்துறவளும் எடை இறக்குறவளும் எதிரெதிரே உக்காந்துக்கிடணும். இறக்குறவ தட்டுல இருந்து ஏத்துறவ தட்டுக்கு மெதுவா மாத்திரணும். சீனியர்ஸ் காலத்துல இருந்தே இப்படித்தான். மாஸ்டரும் விளையாடுற காலத்துல இப்படித்தான் பண்ணினாராம். சோறும் வீணாகாது, வார்டனுக்கும் தெரியாது.

இன்னைக்கு மத்தியானம் ஆரம்பிச்சோம். ரென்சி தட்டுல இருந்து ஒரு அவிச்ச முட்டை, ரெண்டு கரண்டி சோறு, அவியல். எனக்கு வயிறு முட்டிப் போச்சு.

ஜூலை 9, புதன்

நான் 53.0. ரென்சி 52.5.

ரென்சி பச்சைப் பதிவேட்டைத் தூக்கி என் கட்டில்ல போட்டா.

"நீயே எழுதுட்டி. என் சாப்பாட்டை நீதான தின்னுத."

"நான் என்னன்னு எழுத?"

"என் தட்டுல என்ன போட்டாவளோ அதை எழுது. முட்டை, சோறு, பால். பொய்யா எழுதப் போற? போட்டது நெசந்தான."

கிறுக்கச்சி. ஆனா அவ சொல்லுததும் ஒரு வகையில சரிதான். என்னோடது நீல பேனாவுல, அவளோடது கறுப்பு பேனாவுல. எழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு எழுதினேன்.

ஜூலை 14, திங்கள்

பிரின்சிபால் நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டியிருக்காவ. தாஹிரா மேடம் சொல்லித்தான் போட்டிருக்கணும். போட்டிக்காக ஒரு மாசத்துல ரெண்டு கிலோவுக்கு மேல எடை குறைக்கிற பிள்ளையை எந்தத் தேர்வுக்கும் அனுப்ப மாட்டாவளாம். குறைக்கச் சொன்ன கோச் மேலயும் நடவடிக்கையாம்.

மாஸ்டர் அதை ரெண்டு தடவை படிச்சாரு. எங்ககிட்ட வந்து, "வாயைத் திறக்காதிய பிள்ளைகளா. இன்னும் அஞ்சு வாரம்"னு மட்டும் சொன்னாரு. பாவம், அவருக்கும் பயந்தான். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் எழுதிக் கொடுக்கிற வேலை.

பிராக்டீஸ்ல ரென்சி என்னை நாலு தடவை தூக்கிப் போட்டா. எடை குறைஞ்சாலும் சனியனுக்கு அந்தப் பிடி மட்டும் குறையலை. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அவளை நான் தூக்கினது இல்லை. அது கிடக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

நான் 54.1. ரென்சி 51.0.

இன்னைக்கு மெஸ்ஸுல கோழிக்குழம்பு. நல்லா மிளகு அரைச்சு விட்டிருந்தாவ. ரெண்டு பேர் பங்கும் எனக்குத்தான். ரென்சி ஒரு வாய் தண்ணியைக் குடிச்சிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வடிவு அக்காகிட்ட பேசிக்கிட்டே இருந்தா.

கை கழுவ எழும்பினேன். "ஏட்டி இரு, கழுவாத"ன்னா. என் கையைப் பிடிச்சு இழுத்து மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்தா. நல்லா இழுத்து மோந்தா. அப்புறம் சிரிச்சா. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

ஜூலை 23, புதன்

ரென்சி இப்ப காலையில ஒரு டம்ளர் கறுப்புக் காப்பி, மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், சாயங்காலம் வாழைப்பழம் பாதி. அவ்வளவுதான். அவ பதிவேட்டுல நான் எழுதினது: இட்லி நாலு, சாம்பார், முட்டை ஒண்ணு, சோறு, கீரை, மோர், சுண்டல், சப்பாத்தி மூணு, பால். ஒரு நாள் கீரை இல்லாமப் போச்சு. கீரை இல்லைன்னா சத்து சரியா வராதுன்னு நானே கீரையையும் சேத்துட்டேன். முப்பத்தேழு மார்க் சும்மாவா?

ஜூலை 26, சனி

ரென்சிக்கு இந்த மாசம் தள்ளிப் போயிட்டு. பத்து நாள் ஆச்சாம். "நல்லதாப் போச்சு, பிராக்டீஸுக்கு லீவு போட வேண்டாம்"ங்கா. தலை பின்னி விட்டேன். சீப்புல கொத்தா வந்துட்டு. அவளுக்குத் தெரியாம சுருட்டி ஜன்னல் வழியா போட்டேன். இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கா.

நாப்பது கேள்வியில இருபத்தொன்பதாவது இதுதான். விளையாடுற பெண்ணுக்கு மாதவிடாய் நின்னா அது எதைக் காட்டுதுன்னு கேட்டிருந்தாவ. நான் சரியாத்தான் எழுதியிருந்தேன்.

ஜூலை 30, புதன்

நான் 55.2. ரென்சி 49.6. பாவாடை நாடாவை நான் தளர்த்திக் கட்டுதேன், அவ இறுக்கிக் கட்டுதா.

ஆகஸ்ட் 2, சனி

தாஹிரா மேடம் பதிவேடுகளை வாங்க வந்தாவ. எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு ஒண்ணைத் தனியா எடுத்து வச்சாவ. அது ரென்சியோடது.

"இதுல பாருங்க எல்லாரும். ஒரு விளையாட்டு வீராங்கனை எப்படிச் சாப்பிடணுமோ அப்படியே சாப்பிட்டிருக்காங்க. காய்கறி, புரதம், பால் எதுவும் விட்டுப் போகலை. ரென்சி, எழும்பி நில்லும்மா"ன்னு சொல்லி, ஒரு நாள் சாப்பாட்டைச் சத்தமா வாசிச்சே காட்டினாவ. பிள்ளைகள்லாம் கை தட்டினாவ. ரென்சி எழும்பி நின்னா. கண்ணு இருட்டிட்டு வந்திருக்கும் போல, பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குச் சிரிப்பும் வந்துட்டு, அழுகையும் வந்துட்டு.

பொறவு எல்லாருக்கும் எடை பாத்தாவ. ரென்சி 49.1. முதல் நாள் அவிய குறிச்சதைவிட நாலரை கிலோ கம்மி. மேடம் மூஞ்சி மாறிட்டு. நோட்டீஸை நினைச்சு மாஸ்டரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஆனா மேடத்துக்கு அந்தச் சந்தேகமே வரலை. பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பாத்தாவ. "இவ்வளவு சாப்பிட்டும் எடை இறங்குதுன்னா உடம்புக்குள்ள ஏதோ பிரச்சினை இருக்கு. தைராய்டா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்மா"ன்னு ரென்சி தலையைத் தடவிச் சொன்னாவ.

ரூமுக்கு வந்ததும் ரென்சி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "நீ எழுதினதுதான்டி என்னைக் காப்பாத்திச்சு"ன்னா. எலும்பு குத்திச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

ரத்தப் பரிசோதனை வந்துட்டு. தைராய்டு இல்லை, சர்க்கரை இல்லை. ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். "பாத்தியா, எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லி இன்னைக்கு அந்தப் பாதி வாழைப்பழத்தையும் விட்டுட்டா. 48.4.

நான் சொன்னேன், ஒரு வாய் சோறாவது தின்னுன்னு. ரெண்டு தடவை சொன்னேன். "பத்து நாள்தான்டி"ன்னா. தட்டை என் பக்கம் தள்ளிட்டா. நான் தின்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் 55.8. ரென்சி 47.9. அவ இறங்கிட்டா. நாங்க ரெண்டு பேரும் சொன்னபடி செஞ்சுட்டோம்.

சாயங்காலப் பிராக்டீஸ்ல மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் நிறுத்தினாரு. பிடிச்சதுமே தெரிஞ்சுது, கையில ஒண்ணுமே இல்லை. இடுப்பைக் கொடுத்து ஒரு திருப்பு. அப்படியே பறந்து போய் விழுந்தா. மூணு வருஷத்துல முதல் தடவை. நான் கத்திட்டேன். கையைத் தூக்கிக் குதிச்சிட்டேன். எல்லாரும் பாத்தாவ.

அவ எழும்பலை.

நான் குதிச்சு முடிச்சுத்தான் அதைக் கவனிச்சேன். கண்ணு திறந்திருந்துது. ஆனா யாரையும் பாக்கலை. மாஸ்டர் அவளைத் தூக்கிட்டு ஆட்டோ வரைக்கும் ஓடினாரு.

ஆகஸ்ட் 9, சனி

பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. டாக்டரம்மா நல்ல மாதிரி. என்ன சாப்பிட்டா, எப்ப சாப்பிட்டான்னு கேட்டாவ. நான் வாயைத் திறக்கதுக்குள்ள, விஷயம் கேட்டு ஓடி வந்த தாஹிரா மேடம் பச்சைப் பதிவேட்டை நீட்டிட்டாவ. டாக்டரம்மா ரெண்டு மூணு பக்கம் பாத்தாவ. "சாப்பாடு நல்லாத்தானே இருக்கு. அப்ப தண்ணிச்சத்து குறைஞ்சதுதான். குளுக்கோஸ் ஏத்துவோம், நல்லா சாப்பிடக் கொடுங்க. மத்த காரணத்தை மெதுவாப் பாத்துக்கிடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

மத்தியானம் ரென்சியோட அம்மா மெர்சி அம்மா உவரிப் பக்கத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்துட்டாவ. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல ஆயாவா இருக்காவ. தூக்குவாளி நிறைய சோறு, சீலா மீன் குழம்பு. பிசைஞ்சு உருட்டி உருட்டி ஊட்டினாவ. ரென்சி முதல்ல மாட்டேன்னா. ஒரு வாய் உள்ள போனதும் கண்ணுல தண்ணி வடிய வடியத் தின்னா. வாளியைக் காலி பண்ணிட்டா. "எம்பிள்ளை நல்லாத்தானம்மா சாப்பிடுது, இதுக்கு என்ன வந்துட்டு"ன்னு என்கிட்ட கேட்டாவ. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. தின்னுட்டால்லா, சரியாயிரும்னு நினைச்சேன்.

அம்மா வாளி கழுவப் போன நேரம் ரென்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏட்டி, சொல்லிராத. சொன்னா என் பேரை அடிச்சிருவாவ. பதினாறாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. தின்னதை இறக்கிருவேன். மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐசியுவுக்குக் கொண்டு போயிட்டாவ. எழுத முடியலை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்னைக்கு எல்லாத்தையும் எழுதிருதேன்.

நேத்து காலையில நான் போகும்போதே ரென்சிக்குக் கால் ரெண்டும் வீங்கியிருந்துது. மூச்சு வாங்கினா. கை நடுங்குச்சு. என்னைப் பாத்து வடிவு அக்கான்னு கூப்பிட்டா. நர்ஸ் நாடி பிடிச்சுட்டு ஓடினாவ. நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாப் போகுதுன்னு சொல்லி ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாவ. மெர்சி அம்மா பின்னாலேயே ஓடி, கதவை மூடினதும் அங்கனயே உக்காந்துட்டாவ.

கொஞ்ச நேரத்துல டாக்டரம்மா வெளிய வந்தாவ. கையில அந்தப் பச்சைப் பதிவேடு. "ரத்தத்துல உப்புச்சத்து பாதியா இறங்கியிருக்கு. சாப்பாடே இல்லாம கிடந்தவங்களுக்குச் சட்டுன்னு சாப்பாடும் குளுக்கோஸும் கொடுத்தாத்தான் இப்படி ஆகும். இந்தப் பொண்ணு ஒழுங்காச் சாப்பிட்டிருக்கே. எனக்கு விளங்கலை. குடல்ல ஏதாவது இருக்கான்னு பாக்கணும், ஸ்கேனுக்கு அனுப்புதேன்"னு தாஹிரா மேடத்துகிட்ட சொன்னாவ.

மாஸ்டர் சுவர் ஓரமா நின்னாரு. தரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவர் சொல்லுவாருன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். ஆத்தாடி, அந்த ஒரு நிமிஷம். மாதா மேல பண்ணின சத்தியம் ஒரு பக்கம். உள்ள அவ கிடக்கா.

"டாக்டர், அது அவ சாப்பிட்டது இல்லை"ன்னேன்.

"என்னம்மா?"

"அதுல எழுதியிருக்கது நான் தின்னது. அவ தட்டுல போட்டதையும் நான்தான் தின்னேன். அதை எழுதினதும் நான்தான். அவ ஒண்ணும் தின்னலை."

"எத்தனை நாளா?"

விரல் விட்டு எண்ணினேன். காப்பியும் வெள்ளரிக்காயும் பாதிப் பழமுமா பதினெட்டு நாள். அதுக்கு முந்தி ஒரு இருபது நாள் அரை வயிறு. டாக்டரம்மா முழுசா கேக்கலை. பாதியிலேயே உள்ள திரும்பி, "குளுக்கோஸை நிறுத்துங்க, ஸ்கேன் வேண்டாம்"னு கத்தினாவ. கதவு மூடுறதுக்கு முன்னால என்னைத் திரும்பிப் பாத்தாவ. "இதை நேத்தே சொல்லியிருந்தா அவளுக்கு இது வந்தே இருக்காது"ன்னாவ. திட்டக்கூட இல்லை. சும்மா சொன்னாவ.

தாஹிரா மேடம் பெஞ்சுல உக்காந்துட்டாவ. "நான் இதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேனே"ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டாவ. மாஸ்டர், "நாங்களும் இப்படித்தான் பண்ணினோம் மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே"ன்னாரு.

இன்னொண்ணும் இருக்கு. அதையும் எழுதிட்டா நோட்டுல பொய் இருக்காது.

அன்னைக்கு, ஜூலை அஞ்சாம் தேதி, மாஸ்டர் யார் ஏறுதா, யார் இறங்குதான்னுதான் கேட்டாரு. அவரா யார் பேரையும் சொல்லலை. அவர் கேட்டு வாயை மூடலை, நான் கையைத் தூக்கிட்டேன். "நான் ஏறுதேன் மாஸ்டர்"னுட்டேன். ரென்சி என்னைவிட ஒரு கிலோவுக்கு மேல கூட இருந்தா. உயரமும் கூட. ஏறவேண்டியவ அவதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்குப் பசி தாங்காது. அதைவிட, அவ 48-க்குப் போயிட்டா இனி எந்தத் தேர்வுலயும் அவ எதிர்ல நிக்க வேண்டாம்னு நினைச்சேன். அவ ஒரு வார்த்தைகூடக் கேக்கலை. இத்தனை நாளும் "ஆச்சு"ன்னு எழுதி என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன், சண்டாளி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துடிப்பு சரியா வருதாம். கண்ணு முழிச்சுட்டா. நாளைக்கு வார்டுக்கு மாத்துவாவ.

மாஸ்டர் போன் பண்ணினாரு. பிரின்சிபால் அவரை வரவேண்டாம்னுட்டாவளாம். வடிவு அக்கா மத்தவங்களைத் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போறாவளாம், நீ போறியான்னாரு. போகலைன்னேன். "சரிம்மா"ன்னு வச்சுட்டாரு.

ஐசியு வாசல்ல நானும் மெர்சி அம்மாவும்தான். ஞாயித்துக்கிழமையில இருந்து அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. போன்னும் சொல்லலை. நான் டீ வாங்கிக் கொடுத்தா வாங்கிக்கிட்டாவ. இன்னைக்கு டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாவ.

"ரெண்டு தட்டையும் நீதான் தின்னியாம்மா?"

"ஆமாம்மா."

"எம்பிள்ளை எதிர்லயே இருந்துச்சா?"

"எதிர்லயேதான் இருந்தா."

ஒரு மடக்கு டீ குடிச்சாவ.

"ருசியா இருந்துச்சா?"

கோபமா கேக்கலை. குத்திக் காட்டவும் கேக்கலை. தெரிஞ்சுக்கிடணும்னு கேட்டாவ. காலைப் பிடிச்சு அழுதிரலாம்னு வந்துச்சு. ஆனா அவிய கேட்டதுக்குப் பதில் அது இல்லையே.

"இருந்துச்சும்மா"ன்னேன்.

அம்மா தலையை ஆட்டினாவ. டம்ளரைக் கீழ வச்சுட்டு எழும்பிப் போய் ஜன்னல் பக்கம் நின்னாவ.

ஆகஸ்ட் 13, புதன்

வார்டுக்கு வந்துட்டா. கட்டில் தலைமாட்டுல டாக்டரம்மா ஒரு தாள் ஒட்டியிருக்காவ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு ஸ்பூன் கஞ்சி. அதுக்கு மேல ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. இன்னும் நாலு நாளைக்கு இப்படித்தான், மெதுவாத்தான் கூட்டணும், அவசரப்பட்டா திரும்பவும் நெஞ்சைப் பிடிச்சிரும்னு என்னையும் அம்மாவையும் நிக்க வச்சுச் சொன்னாவ. அம்மாவுக்கு மாத்திரை வாங்கவும் சீட்டுப் போடவும் போக வேண்டியிருந்துச்சு. கஞ்சிச் சட்டியை என் கையில கொடுத்தாவ. "பன்னெண்டு மணிக்குக் கொடு"ன்னு மட்டும் சொன்னாவ.

பத்து அடிச்சு அம்மா கொடுத்த ரெண்டு ஸ்பூன்தான் அவ வயித்துல. பதினொண்ணே காலுக்குக் கண்ணைத் திறந்தா. என்னைப் பாத்தா. சத்தியத்தை மீறினதைக் கேப்பான்னு நினைச்சேன். அதைக் கேக்கலை.

"ஏட்டி, பசிக்குடி."

நாப்பது நாள்ல முதல் தடவையா அவ வாயில இருந்து அந்த வார்த்தையைக் கேக்குதேன்.

"பன்னெண்டு மணிக்குத் தாரேன்."

"இப்ப தா. கொஞ்சம் தா."

"கூடாதுன்னிருக்காவ மக்கா. இன்னும் முக்கால் மணி நேரந்தான்."

"ஒரு ஸ்பூன். யாருக்கும் தெரியாது. அம்மா வரதுக்குள்ள."

மாட்டேன்னு தலையை ஆட்டினேன். சட்டியை எடுத்து அந்தப் பக்கத்துக் கட்டில் அடியில வச்சேன், அவ கைக்கு எட்டாம. அவ கையை நீட்டினா. ஊசி குத்தின கை. அப்புறம் அழுதா. சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கிட்டு அழுதா. பக்கத்துக் கட்டில் அக்கா, "என்ன பிள்ளைம்மா நீ, அழுவுதுல்லா, ஒரு வாய் கொடுத்தா என்ன"ன்னு என்னைத் திட்டினாவ.

"நீ தின்னேல்லா"ன்னா ரென்சி. "என்னோடது எல்லாத்தையும் நீ தின்னேல்லா. எனக்கு ஒரு ஸ்பூன் தரமாட்டியா?"

அவ கையைப் பிடிச்சுக்கிட்டு சுவர்க் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ கையை உருவப் பாத்தா, பலம் இல்லை. நாப்பது நிமிஷமும் "தா, தா"ன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தா.

பன்னெண்டு மணிக்கு ரெண்டு ஸ்பூன் கொடுத்தேன். மூணாவதுக்கு வாயைத் திறந்தா. மூடி வச்சுட்டேன்.